சிறுவர் மூட்டுவாதமும் கண்பார்வையும்

முதுமைக்கும் வாதத்திற்கும் உள்ள உறவு யாவரும் அறிந்ததே. முழங்காலைக் கையால் ஊன்றிக்கொண்டு எழுந்திருக்கும் பாட்டியைக் கண்டு எவரும் வியப்படைவதில்லை. ஆயின் நான்கு வயதுக் குழந்தை ஒன்று காலையிற் பாயை விட்டு எழுந்ததும் அந்தப் பாட்டியைப் போலவே நடக்குமாயின், அதற்கு வாதம் என்று பெயரிட நமக்கு நா எழுவதில்லை. 'எங்கேனும் விழுந்திருப்பாள்' என்கிறோம், 'சுளுக்கு' என்கிறோம், 'வளர்கிற வயது, வலிக்கத்தான் செய்யும்' என்று சொல்லி அமைகிறோம். குழந்தைகளுக்கும் மூட்டுவாதம் உண்டு என்பதும், அவ்வாதம் மூட்டோடு நில்லாமல் கண்ணுக்குள்ளும் புகுந்து ஓசையின்றிப் பார்வையைக் கவரவல்லது என்பதும், கற்றவர்களுள்ளும் பலர் அறியாத செய்திகள். அவற்றையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கரையில், மன்னார் வளைகுடாவை நோக்கியபடி, உப்பளங்களும் மீன்பிடி தொழிலும் சூழ அமைந்துள்ளது வாலிநோக்கம். நோக்கம் என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊரை இக்கட்டுரைக்கு இடமாகக் கொண்டது பொருந்தும் என்று கருதுகிறோம். அவ்வூரில் உப்பளத் தொழிலாளி ஒருவருக்கு நான்கு வயதுப் பெண்குழந்தை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவள் நாம் கற்பித்துக்கொண்ட குழந்தையே. எனினும் அவளுக்கு நேர்வனவாக நாம் சொல்லப்போவன யாவும் இந்நோயுற்ற குழந்தைகளுக்கு மெய்யாகவே நேர்வன.

அவளுக்கு வலது முழங்கால் சற்றே வீங்கியிருக்கின்றது. தொட்டால் இளஞ்சூடு தெரிகின்றது, சிவப்பு இல்லை. காலையில் ஒரு மணி நேரம் காலை நீட்டமாட்டாள். வெயில் ஏறியபின் மற்றக் குழந்தைகளோடு மணலில் ஓடுகிறாள். மாலையில் வீடு திரும்பும் தந்தை அவள் ஓடுவதையே காண்கிறார். விடியலில் அவள் நொண்டுவதைக் காண்பவள் தாய் ஒருத்தியே. ஆகவே 'ஒன்றுமில்லை' என்பது தந்தையின் கட்சி, 'ஏதோ இருக்கிறது' என்பது தாயின் கட்சி. இந்நோயைப் பொறுத்தவரை தாயின் கட்சியே பெரும்பாலும் வெல்கின்றது. காலையில் மிகுந்து பகலில் தளரும் விறைப்பே அழற்சியால் வரும் மூட்டுநோயின் முதல் அடையாளம். நாள் முழுதும் ஆடியதால் இரவில் காலைப் பிடித்துக்கொண்டு அழுது, காலையில் யாதொரு குறையுமின்றி எழும் குழந்தைக்கு உள்ளதுதான் 'வளர்கிற வலி' எனப்படுவது. இவ்விரண்டையும் பிரித்தறிதற்கு எந்தக் கருவியும் வேண்டுவதில்லை. எந்தப் பொழுதில் வலிக்கிறது என்று கேட்டாலே போதும்.

பதினாறு வயது நிரம்புமுன் தொடங்கி, குறைந்தது ஆறு வாரம் நீடித்து, வேறு காரணம் எதுவும் காணப்படாத மூட்டழற்சியையே மருத்துவர் இப்பெயரால் வழங்குவர். நோயின் வேர் நம் உடலிலேயே உள்ளது. வெளியிலிருந்து வரும் கிருமிகளை எதிர்த்துப் போராடவேண்டிய காவற்படை, மூட்டின் உட்புறத்தைப் போர்த்துள்ள மெல்லிய சவ்வைப் பகையென எண்ணித் தாக்குகின்றது. சவ்வு தடிக்கின்றது, நீர் ஊறுகின்றது, நாளடைவில் குருத்தெலும்பு அரிக்கப்படுகின்றது. காவற்படை ஏன் இங்ஙனம் மயங்குகின்றது என்பதற்கு முழு விடை இன்னும் கிட்டவில்லை. தாய் உண்ட உணவாலோ, குழந்தையைக் கடற்காற்றில் விட்டதாலோ இது வருவதன்று. இதனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் குழந்தைக்கு நோய் என்றால் குற்றம் முதலில் தாயின் தலையிலேயே சுமத்தப்படுகின்றது.

இலண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தை மருத்துவமனையைச் சேர்ந்த ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டில் என்பவர், தாம் கண்ட 22 குழந்தைகளைப் பற்றி 1897-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையே இத்துறையின் முதற் பேரேடு எனலாம். பெரியோர்க்கு வரும் வாதமும் சிறியோர்க்கு வரும் வாதமும் ஒன்றல்ல என்று அவர் நிறுவினார். அதன்பின் நோய்க்குப் பெயரிடுவதில் அமெரிக்கர் ஒரு வழியும் ஐரோப்பியர் ஒரு வழியுமாக நெடுநாள் பிணங்கினர். 1990-களில் உலக மருத்துவர் சங்கத்தார் கூடி ஒரே பெயரை அமைத்து, 2001-இல் எட்மண்டனில் அதனைத் திருத்தி, ஏழு பிரிவுகளாக வகுத்தனர். ஏழையும் இங்கு விரித்தால் வாசகர் இதழை மூடிவிடுவர். நம் கதைக்கு இரண்டே போதும்.

முதலாவது, முதல் ஆறு மாதத்தில் நான்கு மூட்டுக்களுக்கு மேற் படாத வகை. சின்னஞ்சிறு பெண்குழந்தைகளையே இது பெரிதும் நாடுகின்றது. நம் உப்பளத் தொழிலாளியின் மகளுக்கு வந்தது இதுவே. இரண்டாவது, தசைநார் எலும்போடு சேரும் இடங்களைப் பற்றும் வகை. பத்து வயதைத் தாண்டிய பையன்களுக்குக் குதிகாலிலும் இடுப்பிலும் முழங்காலிலும் வலியாக இது தோன்றும். மேலை நாடுகளில் முதல் வகை மிகுதி. இந்தியாவிலோ மருத்துவமனைகளுக்கு வருவோருள் இரண்டாவது வகையினர் பெருந்தொகையினராக உள்ளனர். இக்காரணத்தால் நம் நாட்டுக் குழந்தைகளுக்கு மேனாட்டாரை விடக் கண்ணோய் குறைவாகவே காணப்படுகின்றது. குறைவு என்பது இல்லை என்றாகாது.

இனி, மூட்டுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்னும் வினா எழும். கண்ணின் வெளிச்சுவர் வெண்மையானது. உட்சுவர் ஒளியை உணரும் திரை. இவ்விரண்டிற்கும் நடுவே இரத்தக் குழாய்கள் நிரம்பிய ஒரு படலம் உண்டு. தோலுரித்த கரிய திராட்சையைப் போன்று காணப்படுதலின், இலத்தீன் மொழியில் திராட்சையைக் குறிக்கும் சொல்லால் அதற்கு யூவியா என்று பெயரிட்டனர். கண்மணியைச் சூழ்ந்து சுருங்கி விரியும் நிறப்படலம் இதன் முன்பகுதியாகும். மூட்டைத் தாக்கும் அதே மயங்கிய காவற்படை இப்படலத்தையும் தாக்குகின்றது. மேனாட்டுக் கணக்கின்படி, சிறுவர் மூட்டழற்சி கொண்ட நூறு குழந்தைகளுள் பத்து முதல் இருபது பேர்க்கு இக்கண்ணழற்சி நேர்கின்றது. பெரும்பாலும் மூட்டுநோய் தொடங்கிய முதல் நான்கு ஆண்டுகளுக்குள் இது வரும். சிலருக்கு மூட்டு வீங்குமுன்னரே வந்துவிடுவதும் உண்டு.

இதிலே ஒரு விந்தை உள்ளது. பையன்களுக்கு வரும் இரண்டாவது வகையில் கண் பாதிக்கப்படுமாயின், அது திடீரெனச் சிவக்கும், வலிக்கும், வெளிச்சத்தைக் கண்டால் கூசும். பையன் கூக்குரலிட்டுக்கொண்டு வைத்தியரிடம் ஓடுவான்; மருந்து கிடைக்கும்; பார்வை பிழைக்கும். சிறுமிகளுக்கு வருவதோ இதற்கு நேர்மாறானது. கண் சிவப்பதில்லை, வலிப்பதில்லை, நீர் வடிவதில்லை. பளிச்சென்ற வெள்ளைக் கண்ணோடு குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருக்க, உள்ளே அழற்சி மாதக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். ஒரு கண்ணில் பார்வை மங்கினாலும் மற்றொரு கண்ணால் அவள் எல்லாவற்றையும் செய்துகொள்வாள். நான்கு வயதுக் குழந்தைக்குத் தன் பார்வை மங்கியது என்பதே தெரியாது; உலகம் எல்லார்க்கும் இப்படித்தான் தெரிகிறது என்றே அது எண்ணும். வலியைப் பழிக்காதார் இல்லை. ஆயின் இந்நோயிற் பார்வையைக் காப்பாற்றிக் கொடுப்பது வலியே.

கவனியாது விட்டால் என்னாகும்? நிறப்படலத்தின் ஓரம் பின்னாலுள்ள வில்லையோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது கண்மணி வட்டமாயிராது, கோணலாகிவிடும். கண்ணின் முன்புறக் கண்ணாடிப் படலத்தின் குறுக்கே சுண்ணாம்புச் சத்துப் படிந்து வெண்பட்டை போலாகும். வில்லை கலங்கிப் புரை விழும். உட்கண் நீரின் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு நசியும். விழித்திரையின் மையம் வீங்கும். இவற்றுள் சில தோன்றியபின்னரே பெற்றோர் வெறுங்கண்ணால் காணமுடியும். அதற்குள் காலம் கடந்திருக்கும். ஜெர்மானியக் கண் மருத்துவர் ஓம் என்பார் 1910-இல் மூட்டுவாதமுற்ற குழந்தையொன்றின் கண்ணில் கண்டு எழுதியதும் இத்தகைய வெண்பட்டையைத்தான். நோயின் முடிவைக் கண்டே அவர் அதன் தொடக்கத்தை ஊகிக்க வேண்டியிருந்தது.

தொடக்கத்தையே காணும் கருவி அதற்கு அடுத்த ஆண்டே பிறந்தது. சுவீடன் தேசத்து அல்வார் குல்ஸ்ட்ராண்ட் 1911-இல் வெளியிட்ட ஸ்லிட் லாம்ப் எனும் பிளவு விளக்கே அது. கண்ணின் ஒளியியலை ஆராய்ந்ததற்காக நோபெல் பரிசு பெற்றதும் அவர் அவ்வாண்டிலேயே. ஓலைக் கூரையின் பொத்தல் வழியே இருட்டறைக்குள் விழும் வெயிற் கற்றையில் தூசு மிதப்பதை நாம் அனைவரும் சிறுவயதிற் கண்டு களித்திருக்கிறோம். கற்றை இல்லாத இடத்திலும் தூசு உண்டு, ஆயின் தெரிவதில்லை. அங்ஙனமே கண்ணின் முன்னறையிலுள்ள தெளிநீரில் மிதக்கும் வெள்ளணுக்கள் சாதாரண டார்ச் விளக்குக்குப் புலப்படா. மெல்லிய ஒளிக்கற்றையைச் சாய்வாகச் செலுத்தி, பெருக்கிக் காட்டும் கண்ணாடி வழியே நோக்கினால் அவை வெயிலில் தூசு போலச் சுழல்வது தெரியும். வைத்தியர் அவற்றை எண்ணி அழற்சியின் அளவைக் குறிப்பர். குழந்தை தாயின் மடியில் அமர்ந்து மோவாயைத் தாங்கியின்மேல் வைத்துச் சில நிமிடம் இருந்தாற் போதும், ஊசியில்லை, வலியில்லை.

ஆகவேதான் கண்ணில் யாதொரு குறையும் இல்லாதபோதே இக்குழந்தைகளைக் கண் மருத்துவரிடம் காட்டவேண்டும் என்று விதித்துள்ளனர். ஏழு வயதுக்குள் நோய் தொடங்கியது, நான்கு ஆண்டு இன்னும் கழியவில்லை, இரத்தத்தில் ஏ.என்.ஏ. எனப்படும் எதிர்ப்பொருள் உள்ளது என்றால் மூன்று மாதத்திற்கு ஒருமுறை. மற்றோர்க்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்திற்கு ஒருமுறை. அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் 2019-இல் வெளியிட்ட நெறி இதுவே. ஏ.என்.ஏ. இல்லாத குழந்தைக்கும் கண்ணோய் வரலாம். அது அச்சத்தின் அளவுகோலேயன்றி நோயின் சாட்சியன்று. வாலிநோக்கத்திலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். நோயில்லை என்று கேட்டு வருவதற்காக ஆண்டில் நான்கு முறை ஒருநாட் கூலியை இழந்து பேருந்தேறுவது எளிதன்று. 'போன தடவையும் ஒன்றுமில்லை என்றார்கள். இந்தத் தடவை எதற்கு?' என்று தந்தை கேட்டால் அவரை அறிவிலி என்னல் தகாது. விடை ஒன்றே: இந்நோய் தானாக வந்து கதவைத் தட்டாது, நாம்தான் போய்ப் பார்க்கவேண்டும்.

மூட்டு வீங்கிய குழந்தை முதலில் எங்கே போகின்றது என்பதையும் சிறிது பார்ப்போம். முதலிற் சுளுக்கு வழிப்பவரிடம். அழற்சியுற்ற மூட்டை எண்ணெயிட்டு அழுத்தி வழித்தலால் நன்மை விளைவதில்லை, நாள்தான் வீணாகின்றது. அடுத்து முடக்கற்றான் கீரை. முடக்கை அறுப்பது என்னும் பெயர்ப்பொருளே அதற்கு விளம்பரம். தோசையிலும் இரசத்திலும் சேர்த்து உண்பதற்கு நாம் எதிரிகளல்லேம், சுவையும் நன்றே. ஆயின் கண்ணின் உள்ளே கனலும் நெருப்பை அது அணைக்கும் என்று நம்பியிருத்தல் கூடாது. அதற்கும் அடுத்து இரத்தப் பரிசோதனை. அதில் ஏ.எஸ்.ஓ. என்னும் அளவு சற்று ஏறியிருந்தால், 'இருதயத்தைத் தாக்கும் வாதக் காய்ச்சல்' என்று முடிவுகட்டி, மூன்று வாரத்திற்கொரு பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் போட்டுவிடுதல் நம் நாட்டில் நிகழ்ந்துவருவதே. தொண்டைப்புண் வந்துபோன எந்தக் குழந்தைக்கும் அவ்வளவு ஏறியிருக்கலாம். வாதக் காய்ச்சலில் வீக்கம் ஒரு மூட்டிலிருந்து மற்றொரு மூட்டுக்குத் தாவும், சில வாரங்களில் மறையும். நாம் கூறும் நோயில் பிடித்த மூட்டைப் பிடித்தபடியே இருக்கும். 2006-இல் தமிழ்நாட்டில் பரவிய சிக்குன்குனியாவும் மூட்டை வருத்தியது. எலும்புருக்கி நோயும் ஒரே மூட்டில் வந்து அமர்வதுண்டு. இவற்றையெல்லாம் விலக்கியபின்னரே பெயரிடுதல் முறை.

கண்ணுக்குள் அழற்சி கண்டவுடன் மூட்டுவாதமே காரணம் என்றலும் பிழை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர் எஸ்.ஆர்.இரத்தினம் அவர்களும் அவர்தம் குழுவினரும் இதனை உலகிற்குக் காட்டினர். 1993-இன் இறுதியில் மதுரைப் பகுதியில் பெருவெள்ளம் வந்துபோனபின், அடுத்த ஆண்டில் கண்ணழற்சியோடு மக்கள் திரளாக வரத் தொடங்கினர். ஆராய்ந்தபோது எலி முதலியவற்றின் சிறுநீரால் நீரிற் கலக்கும் லெப்டோஸ்பைரா என்னும் நுண்ணுயிரே காரணம் என்று புலனாயிற்று. கிராமத்துக் குளங்களில் நீராடும் சிறார்களின் கண்ணில் நீர்வாழ் புழுவினம் ஒன்றால் கொப்புளம் போன்ற அழற்சி உண்டாவதையும் அவர்களே எழுதினர். ஆகவே நம் கரையோரக் குழந்தையின் கண்ணைப் பார்க்கும் வைத்தியர், மேனாட்டுப் புத்தகத்தை மட்டும் படித்திருந்தாற் போதாது.

மருந்துகளின் வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது. ஒரு காலத்தில் ஆஸ்பிரினைக் காதில் இரைச்சல் வருமளவும் கொடுத்தனர். 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் முதன்முதலாகக் கார்ட்டிசோனை வாதநோயாளிக்குச் செலுத்தினார். படுக்கையிற் கிடந்தவர் எழுந்து நடந்தார். 1950-இல் நோபெல் பரிசு வந்தது. பின்னர்த்தான் அதன் மறுபக்கம் தெரிந்தது. குழந்தைகளுக்கு நெடுநாள் கொடுத்தால் வளர்ச்சி குன்றும், எலும்பு நலியும். அதே இனத்துச் சொட்டுமருந்து கண்ணழற்சியை முதலில் அடக்குவது மெய்; ஆயின் மாதக்கணக்கில் மிகுதியாக இட்டால் அதுவே புரையையும் கண்ணழுத்தத்தையும் வருவிக்கும். நோய் தரும் கேட்டையே மருந்தும் தருமாயின் வைத்தியர் என் செய்வர்? சொட்டு மருந்தைக் குறைத்தற்கு உதவும் வேறொரு மருந்தைத் தேடினர்.

அம்மருந்து மெதோட்ரெக்ஸேட். அதன் பிறப்பில் சென்னைக்கும் ஒரு பங்குண்டு என்பதை நம் மாணாக்கர் அறிதல் வேண்டும். 1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னையிற் கற்று, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ், கதராடை உடுத்தமையால் ஆசிரியர் ஒருவரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்திற்குப் பதிலாக எல்.எம்.எஸ். என்னும் சிறு பட்டமே பெற்றார் என்பர். அமெரிக்கா சென்று, 1940 முதல் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றுங்கால், அவர் வழிநடத்திய குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். அவ்வமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினையும் மெதோட்ரெக்ஸேட்டையும் ஆக்கினர். 1948-இல் பாஸ்டன் நகரத்து சிட்னி பார்பர், அமினோப்டெரினால் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குத் தற்காலிக விடுதலை கிடைத்ததை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே சுப்பாராவ் மறைந்தார். பெரிய அளவில் புற்றுநோயை எதிர்க்கும் அம்மருந்து, சிறிய அளவில் மூட்டழற்சியை அடக்குகின்றது என்பது பின்னர்த் தெளிவாயிற்று; 1992-இல் குழந்தைகளிடம் முறையாக ஒப்பிட்டு நிறுவினர். இன்று அம்மாத்திரையை உண்ணும் குழந்தைக்கு அதன் தொல்லையைத் தணிக்கப் போலிக் அமிலமும் உடன் தருகின்றனர். எதிர்க்கும் மருந்தும் எதிர்க்கப்படும் சத்தும் ஒருவர் கூடத்திலிருந்தே வந்தவை.

இம்மாத்திரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இது வாரத்தில் ஒரே நாள் உண்ணற்பாலது. நாள்தோறும் உண்பதாகத் தவறாகப் புரிந்துகொண்டால் எலும்பினுள் இரத்தம் ஊறுவது நின்று உயிருக்கே ஆபத்து நேரும். ஆகவே வாரத்தில் இன்ன நாள் என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தல் நன்று. உண்ட மறுநாள் சில குழந்தைகளுக்குக் குமட்டல் வரும்; அதனால் சனிக்கிழமை இரவில் கொடுத்து ஞாயிறன்று ஓய்வு தருவோர் பலர். சிறிது காலத்திற்கொருமுறை இரத்தத்தையும் ஈரலையும் சோதிக்கவேண்டும். உயிருள்ள கிருமிகளால் ஆக்கப்பட்ட தடுப்பூசிகளை வைத்தியரைக் கேளாமல் போடலாகாது.

மெதோட்ரெக்ஸேட்டுக்கும் அடங்காத கண்ணழற்சி உண்டு. அத்தகைய பிரிட்டிஷ் குழந்தைகள் 90 பேரை வைத்து பிரிஸ்டல் நகரத்து மருத்துவர் இராமனன் முதலியோர் நிகழ்த்திய ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. மெதோட்ரெக்ஸேட்டோடு அடாலிமுமாப் என்னும் ஊசியும் பெற்ற 60 பேருள் 16 பேர்க்கே சிகிச்சை தோற்றது. வெறும் போலியூசி பெற்ற 30 பேருள் 18 பேர்க்குத் தோற்றது. வேறுபாடு இவ்வளவு தெளிவாயிருந்தமையால், ஆய்வில் மேலும் குழந்தைகளைச் சேர்ப்பதை இடையிலேயே நிறுத்திவிட்டனர். இந்தியாவில் ஸைடஸ் காடிலா நிறுவனம் 2014-இன் இறுதியில் இவ்வூசிக்கு ஒப்பான ஒன்றைக் குறைந்த விலையில் வெளியிட்டது. குறைந்த விலை என்பதும் உப்பளத் தொழிலாளிக்குப் பெருந்தொகையே. இதனைத் தொடங்குமுன் உடலில் எலும்புருக்கி நோய் உறங்கிக் கிடக்கிறதா என்று பார்த்தல் நம் நாட்டில் இன்றியமையாதது.

மருந்து ஒருபுறமிருக்க, நாள்தோறும் வாழ்வது எப்படி? காலை விறைப்புக்கு வெந்நீர்க் குளியல் நல்லது. வலிக்கிறதே என்று முழங்காலின்கீழ்த் தலையணை வைத்து உறங்கச் செய்தல் தாயின் அன்பு. ஆயின் மடங்கிய கால் மடங்கியபடியே நிலைத்துவிடும். காலை நீட்டியே உறங்கப் பழக்கவேண்டும். நோயுற்ற முழங்காலுக்கு இரத்தவோட்டம் மிகுதலின், சிறு குழந்தைகளுக்கு அக்கால் மற்றக் காலைவிட நீண்டு வளர்வதும் உண்டு. செருப்பின் அடியை உயர்த்தி இதனைச் சரிசெய்வர். தாடை மூட்டு நோயுற்றால் மோவாய் சிறுத்துவிடும். வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும். விளையாட்டைத் தடுத்தல் பழைய கொள்கை. இயன்ற அளவு ஆடவிடுதலே இக்காலத்துக் கொள்கை. நீந்துதல் மூட்டுக்குப் பாரமின்றி வலிமை தரும். கடற்கரைக் குழந்தைக்கு இதில் நாம் கற்பிக்க வேண்டுவது ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடத்தில் தரையிற் சம்மணமிட்டு அமர்தலும், குந்தி அமரும் கழிப்பிடமும் இக்குழந்தைகளுக்குப் பெருந்தொல்லை. வெட்கத்தால் இதனைச் சொல்லாமல் நாள் முழுதும் நீர் அருந்தாமலே இருந்துவிடும் பெண்குழந்தைகள் உண்டு. காலை வகுப்பிற் பிந்தி வருபவள், எழுந்து நிற்கச் சொன்னால் மேசையைப் பற்றுபவள், மாலையில் ஓடுவதைக் கண்டு 'நடிக்கிறாள்' என்று தண்டிக்கும் ஆசிரியர் இலர் என்று சொல்ல நமக்கு ஆசைதான். நம் கல்லூரியிற் பயின்று ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளவிருப்போர் இவ்வொரு பத்தியையேனும் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

மூட்டையும் கண்ணையும் சேர்த்துப் பேசுங்கால், நம் போன்ற ஒரு மிஷன் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவரைச் சொல்லாதிருத்தல் இயலாது. கோ.வேங்கடசாமி 1918-இல் எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் உழவர் குடியிற் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் இரசாயனம் பயின்று, 1944-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் பிரிவிற் சேர்ந்தார். பேறுகாலத்தில் தம் உறவுப் பெண்கள் இறந்ததைச் சிறுவயதிற் கண்டவராதலின், மகப்பேற்று மருத்துவராவதே அவர் விருப்பம். முப்பதாம் வயதில் முடக்குவாதம் அவரைப் பற்றியது. அது பெரியோர்க்கு வரும் வகை. நாம் இதுகாறும் கூறிய சிறார் நோயன்று. ஆயினும் அவர்பட்ட பாடு சிறார் படுவதற்குக் குறைந்ததன்று. நெடுநாள் படுக்கையிற் கிடந்தார். விரல்கள் முறுக்கிக்கொண்டு நிலைத்துப்போயின. பேனாவைப் பிடித்தலும் அரிதாயிற்று. மகப்பேற்று மருத்துவம் கைவிட்டுப் போயிற்று.

அவர் கண் மருத்துவத்தை எடுத்துக்கொண்டார். கோணிய விரல்களுக்கு இசையக் கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கவும் கண்ணின் வில்லையை எடுக்கவும் மெல்ல மெல்லப் பழகினார். 1956 முதல் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவின் தலைவராயிருந்து, 1976-இல் ஓய்வு பெற்றதும், உடன்பிறந்தாரையும் உறவினரையும் துணைக்கொண்டு 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தம் வாணாளில் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட கண்களுக்கு அக்கைகளாலேயே சத்திரசிகிச்சை செய்து, 2006-இல் மறைந்தார். வாலிநோக்கத்துக் குழந்தை மூன்று மாதத்திற்கொருமுறை மோவாயைத் தாங்கியில் வைக்கும் பிளவு விளக்கு அந்த மருத்துவமனையினதாக இருத்தலும் கூடும்.

இராமநாதபுரத்திலும் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டமையால், மூட்டுநோய்க்கு முதற்கட்டத்தில் செல்லவேண்டிய தூரம் குறைந்துள்ளது. கண்ணழற்சியை நுணுகிக் காணும் பிரிவுக்கு மதுரைதான் இன்றும் கதி எனலாம்.

கல்லூரிக்கு வரும் வயதில் இந்நோயோடு வாழும் மாணவர் நம்மிடையேயும் இருத்தல் கூடும். அவர்க்கு அரசு தந்துள்ள உரிமைகளைப் பலர் அறியார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தின் வழி, 2018-இல் மத்திய அரசு விதித்த நெறியின்படி, நாற்பது விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட ஊனம் சான்றிதழால் உறுதிப்பட்டோர் எழுத இயலாராயின் பதிலெழுதுவோரைப் பெறலாம். தேர்வில் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் 20 நிமிடத்திற்குக் குறையாமல் கூடுதல் நேரமும் பெறலாம். நாற்பதுக்குக் குறைந்தவராயினும், எழுதுவதில் இடர்ப்பாடு உண்டு என்று மருத்துவச் சான்று காட்டுவோர்க்கு 2022-இல் தனி நெறி வகுக்கப்பட்டது. விரல் மூட்டுக்கள் வீங்கிய மாணவி மூன்று மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதித் தீர வேண்டுவதில்லை. தேர்வுக்கு முன்னரே விண்ணப்பித்தல் வேண்டும்.

இன்னும் ஒன்று. மூட்டுக்கள் அடங்கி ஆண்டுகள் ஆனபின்பும் கண் மட்டும் தனியே மீண்டும் கனல்வது உண்டு; மருந்தை நிறுத்திய முதல் ஆண்டில் இவ்வச்சம் மிகுதி. மூட்டில் வலியில்லாதபோது பேருந்தேறி மதுரைக்குப் போக எவர்க்கும் மனம் வருவதில்லை. வீட்டை விட்டு விடுதிக்கு வந்துவிட்ட பெண்ணுக்கோ அழைத்துச் செல்லத் தாயும் அருகில் இல்லை. நான்கு வயதிலிருந்து தாய் சேர்த்துவைத்த மருத்துவச் சீட்டுகளை ஒரு கட்டாகக் கட்டித் தன் பெட்டியில் வைத்துக்கொள்வதும், அடுத்துக் கண்ணைக் காட்டவேண்டிய நாளை விடுதி நாட்காட்டியிற் குறித்துவைப்பதும் இனி அவள் வேலை.